ஒரு சிலிண்டரா, ஆறுமா?

(பழைய எஞ்சின்களின் இலக்கணம் – 7)

சென்ற பகுதியில் விளக்கப்பட்ட உள்ளிழுத்தல், அழுத்துதல், எரிதல், வெளியேற்றுதல் ஆகிய நான்கு கட்டங்களும் எல்லா சிலிண்டர்களிலும் ஒரே சீராக நடைபெறும்வரைதான் எஞ்சின் அமைதியாக ஓடுகிறது. அந்தச் சீர் எங்கோ குலையும்போது தோன்றும் நடுக்கத்தையே பட்டறைகளில் ‘மிஸ்ஸிங்’ என்கிறார்கள். தீப்பொறி, எரிபொருளும் காற்றும் சேரும் விகிதம், அழுத்தம் ஆகிய மூன்றில் ஒன்று தவறினாலும் நடுக்கம் ஏறக்குறைய ஒரே மாதிரியாகத் தோன்றும் என்பதால், எந்தப் பாகத்தை மாற்றுவது என்று கேட்பதற்கு முன், கோளாறு ஒரு சிலிண்டரில் மட்டும் உள்ளதா, எல்லாவற்றிலும் உள்ளதா என்று கேட்பதே முறையான ஆய்வின் தொடக்கமாகும்.

இதற்குத் தக்க எடுத்துக்காட்டு, அமெரிக்காவின் ஃபோர்டு எஃப்-வரிசை பிக்கப் வண்டிகளில் 1965 முதல் 1996 வரை இடம்பெற்ற, ஆறு சிலிண்டர்கள் ஒரே வரிசையில் அமைந்த 300 கன அங்குல (4.9 லிட்டர்) எஞ்சின். கேம் ஷாஃப்டைச் சுழற்ற செயினோ பெல்ட்டோ இல்லாமல் பற்சக்கரங்களையே கொண்ட இந்த எஞ்சின் நீண்ட உழைப்புக்குப் பெயர் பெற்றது. ஆகவே பழைய வண்டி நடுங்கும்போது எஞ்சினின் உட்பகுதியைவிட, வெளியே முதுமையடைந்த ரப்பர் குழாய்கள், ஒயர்கள், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி ஆகியவற்றையே முதலில் ஐயுறுவது பொருத்தம்.

ஐட்லிங்கில் நிமிடத்துக்கு 600 சுற்றுகள் சுழலும் எஞ்சினில், ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை எரிவதால், நொடிக்கு ஐந்து முறை எரிகிறது; ஒரு சிலிண்டர் செத்திருந்தால் அதே தாளத்தில் மாறாத குலுக்கல் உணரப்படும். அது எந்தச் சிலிண்டர் என்பதை அறிய, ஸ்பார்க் பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கும் சோதனை உதவுகிறது: நன்றாக எரியும் சிலிண்டரின் ஒயரைக் கழற்றினால் வேகம் குறையும், செத்த சிலிண்டரின் ஒயரைக் கழற்றினால் எந்த மாற்றமும் இராது. உயர் மின்னழுத்தம் பாயும் ஒயர் என்பதால் மின்காப்புள்ள இடுக்கியையே பயன்படுத்த வேண்டும். கழற்றிய ஒயரை எஞ்சினின் உலோகத்தோடு இணைத்து வைக்காவிட்டால் இக்னிஷன் காயில் பழுதாகக்கூடும்.

கோளாறு ஒரே சிலிண்டரில் என்று தெரிந்தபின், அதன் பிளக்கை அடுத்த சிலிண்டரின் பிளக்கோடு இடம் மாற்றி, கோளாறும் இடம் மாறுகிறதா என்று பார்ப்பது செலவில்லாத சோதனை. அண்மையில் யாரேனும் ஒயர்களைக் கழற்றி மாட்டியிருந்தால், அவை 1-5-3-6-2-4 என்ற எரியும் வரிசைப்படி உள்ளனவா என்றும் பார்க்க வேண்டும். தீப்பொறி சரியாக இருந்தும் சிலிண்டர் எரியாவிட்டால் கம்ப்ரஷன் அளவி தேவைப்படுகிறது. மிகக் குறைந்த சிலிண்டரின் அழுத்தம் மிக உயர்ந்ததன் 75 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது என்பது பொதுவான வரம்பு. அழுத்தம் குறைந்த சிலிண்டருக்குள் சிறிது எஞ்சின் ஆயில் விட்டபின் அது உயர்ந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம், உயராவிட்டால் வால்வு சரியாக மூடவில்லை எனக் கருதலாம். அடுத்தடுத்த இரு சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்திருந்தால் அவற்றுக்கு இடையே ஹெட் கேஸ்கெட் போயிருக்க வாய்ப்புண்டு.

எல்லா சிலிண்டர்களும் பாதிக்கப்பட்டிருந்தால், அவை அனைத்துக்கும் பொதுவான காற்றுவழியே முதல் ஐயத்துக்குரியது. உள்ளிழுப்புக் குழாய்த் தொகுதியில் ஐட்லிங்கின்போது நிலவும் பகுதி வெற்றிடம், கடல் மட்டத்தில் 17 முதல் 21 அங்குலப் பாதரசம் வரை அசையாமல் நிற்க வேண்டும். ஒவ்வொரு 1,000 அடி உயரத்துக்கும் ஏறத்தாழ ஓர் அங்குலம் குறையும் என்பதால், 5,280 அடி உயரத்திலுள்ள டென்வர் நகரில் 14 அங்குலம் காட்டும் எஞ்சின் நோயுற்றதன்று.

இந்த வெற்றிடத்தைச் சுமக்கும் குழாய் ஒன்று விரிசல் கண்டால், அதன் விளைவு எரிபொருள் அமைப்பைப் பொறுத்து நேர்மாறாகவும் அமைகிறது. 1986 வரையிலான கார்புரேட்டர் வண்டிகளில் கூடுதல் காற்று கலவையை மெலியச் செய்து ஐட்லிங்கில் நடுக்கத்தைத் தருகிறது. த்ராட்டிலைத் திறக்கும்போது மொத்தக் காற்றில் கசிவின் பங்கு சுருங்குவதால் நடுக்கமும் மறைகிறது. 1987இல் வந்த எரிபொருள் தெளிப்பு முறையிலோ, கணினி இந்த அழுத்தத்தை அளந்தே காற்றின் அளவைக் கணிக்கிறது. ஆகவே அழுத்த உணரிக்குச் செல்லும் சிறு குழாய் கிழிந்தால், எஞ்சின் முழுச் சுமையில் இழுப்பதாக எண்ணி அளவுக்கு மீறிப் பெட்ரோலைத் தெளிக்கிறது, கரும்புகை வருகிறது.

1996ஆம் ஆண்டு மாடல்களிலிருந்து அமெரிக்காவில் கட்டாயமான ஓபிடி-2 முறை, எந்தச் சிலிண்டர் எரியத் தவறுகிறது என்பதைக் குறியீட்டால் சுட்டுகிறது. அதற்கு முந்தைய வண்டிகளில் அந்த வேலையைப் பிளக் ஒயரும் வெற்றிட அளவியும் செய்ய வேண்டியிருப்பதால், செலவற்ற சோதனையிலிருந்து செலவுள்ளதை நோக்கி, ஒரு நேரத்தில் ஒரே மாற்றம் என்ற ஒழுங்கில் செல்வது இன்றியமையாதது. பல பாகங்களை ஒன்றாக மாற்றினால் நடுக்கம் நின்றாலும் காரணம் தெரியாது, நிற்காவிட்டால் புதிய பாகங்களும் ஐயத்துக்குரியவை ஆகிவிடும். சூடேறியபின் மட்டும் தோன்றி, குளிர்ந்ததும் மறையும் கோளாறுகள் இந்த ஒழுங்குக்கும் எளிதில் பிடிபடாதவை. அவற்றுக்குப் பெரிதும் காரணமாகும் இக்னிஷன் மாட்யூல் அடுத்த பகுதியில் ஆராயப்படும்.