முறைப்பாட்டைக் கேட்கும் முறை

வடக்கே யாழ்ப்பாணத்துக்கும் கிழக்கே திருகோணமலைக்கும் செல்லும் பெருந்தெருக்கள் கூடுமிடம் தம்புள்ளை. குகைக் கோயிலால் உலகறிந்த இவ்வூர், பொருளாதார மத்திய நிலையத்தால் நாடறிந்தது. மரக்கறி மூட்டைகளோடு லொறிகள் இரவு பகலாக வந்து போகின்றன. இத்தகைய ஊரில், கணவனால் அடிக்கப்பட்ட ஒரு பெண் முறையிடத் துணிந்தாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் முதலிற் காண்பவர் யார்? நீதவான் அல்லர். கிராம உத்தியோகத்தரோ, பொலிஸ் நிலையத்தில் இருப்பவரோ, வைத்தியசாலைத் தாதியோதான். அவர் வாயிலிருந்து வரும் முதற் சொல்லைப் பொறுத்தே அவள் மறுமுறை வருவதும் வாராமல் விடுவதும் அமையும். ஆகவேதான் உத்தியோகத்தருக்குப் பயிற்சி வேண்டும் என்கிறோம்.

இஃது எங்கோ ஒரு வீட்டில் நிகழும் அரிய செய்தியன்று. இலங்கையில் 2019ஆம் ஆண்டு நடத்தப்பட்ட பெண்கள் நலன் பற்றிய ஆய்வின்படி, துணைவரோடு வாழ்ந்த பெண்கள் ஐவரில் ஒருவர் அத்துணைவரால் உடல்வழியாகவோ பாலியல் வழியாகவோ வன்முறைக்கு ஆளானவர். உலக அளவிலோ, ஏறக்குறைய மூவரில் ஒரு பெண் தம் வாழ்நாளில் துணைவரின் வன்முறையையோ பிறரின் பாலியல் வன்முறையையோ கண்டவர் என உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது.

சட்டம் இல்லாமல் இல்லை. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், பாதிக்கப்பட்டவர் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கோரலாம். அவர் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தரும் விண்ணப்பிக்கலாம். அவசரமாயின் இடைக்காலக் கட்டளை கிடைக்கும்; பதினான்கு நாளுக்குள் விசாரணை வைக்கப்படும்; அதன்பின் வழங்கப்படும் கட்டளை பன்னிரண்டு மாதம் வரை செல்லும். ஆனால், “வீட்டு விஷயம் அம்மா, பொறுத்துப் போங்கள்” என்று ஒருவர் சமாதானம் கூறி அனுப்பிவிட்டால், அந்தச் சட்டம் ஏட்டிலேயே கிடக்கும்.

பயிற்சியிற் கற்பிப்பவை யாவை? உலக சுகாதார நிறுவனம் ஐந்து படிகளைக் கூறுகிறது. குறுக்கிடாது கேட்டல்; அவள் தேவை யாதென வினாவுதல்; அவள் சொல்லை நம்புவதாக உணர்த்துதல்; வீடு திரும்பினால் ஆபத்துண்டோ என ஆராய்ந்து பாதுகாப்புத் தேடுதல்; உதவி செய்வோரோடு இணைத்துவிடுதல். “நீ என்ன செய்தாய், அவர் ஏன் அடித்தார்?” என்னும் கேள்விக்கு இவற்றில் இடமில்லை.

பொதுக் குறைகேள் முறைக்கும் இதற்கும் வேறுபாடுண்டு. வாய்க்கால் உடைந்ததென்ற முறைப்பாட்டைப் பலர் அறியப் பதியலாம். இதனை அவ்வாறு பதியலாகாது. உகண்டா நாட்டின் வீதி வேலையொன்றில், வேலையாட்கள் சிலர் சிறுமியரிடம் தகாது நடந்தனர் என்ற முறைப்பாடு எழவே, உலக வங்கி 2015 டிசெம்பரில் அத்திட்டத்துக்கான நிதியை இரத்துச் செய்தது. பின்னர் 2018இல் அவ்வங்கி வெளியிட்ட வழிகாட்டுக் குறிப்பின்படி, முறைப்பாட்டை ஏற்பவர் பதிய வேண்டியவை மிகச் சில: அவளே தன் வாயாற் சொன்னது, குற்றஞ்சாட்டப்பட்டவர் திட்டத்தைச் சேர்ந்தவரா என்பது, கூடுமாயின் வயதும் பாலும், எந்த உதவிக்கு அனுப்பப்பட்டாள் என்பது. துருவி விசாரிப்பது அவர் கடனன்று. அவள் சம்மதமின்றி எச்செய்தியும் வெளிச்செல்லலாகாது.

அனுப்பும் இடங்களை அறிந்திருப்பதும் பயிற்சியின் ஒரு பகுதியே. பிரதேச செயலகத்தின் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர், பொலிஸின் சிறுவர் மற்றும் மகளிர் பணியகம், வைத்தியசாலைகளில் இயங்கும் ‘மித்துரு பியச’ என்னும் நட்பு நிலையங்கள், 1938 என்னும் பெண்கள் உதவித் தொலைபேசி ஆகியவை அவற்றுள் முக்கியமானவை.

தமிழ் நேயர்கள் கருத வேண்டியது இன்னொன்றுண்டு. சிங்களம் நிருவாக மொழியாகவுள்ள பகுதியிலும் உத்தியோகத்தரோடு தமிழில் தொடர்புகொள்ளும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை வழங்குகிறது. மொழி தெரியாமையால் கணவனையோ பக்கத்து வீட்டாரையோ மொழிபெயர்க்க அழைத்தால், அங்கே இரகசியமும் இல்லை, உண்மையும் இல்லை. ஆகவே தமிழறிந்த உத்தியோகத்தர் ஒருவரை முன்கூட்டியே ஏற்பாடு செய்து வைப்பது சலுகையன்று, கடமையாகும்.

அடிபட்டவள் அலுவலகப் படியேறுவதற்குள் பலமுறை தயங்கியிருப்பாள். அவளை அமரச் செய்து, கதவைச் சாத்தி, அமைதியாகக் கேட்கும் ஓர் உத்தியோகத்தர் அங்கே இருப்பாராயின், சட்டம் அவளுக்கு எட்டும் தூரத்தில் வந்துவிட்டது என்றே கூறலாம்.