புகையை விரட்டிய வெடிமருந்து

நெப்போலியன் காலத்துப் போர்களில் சில சுற்று சுட்டதுமே களத்தை வெண்புகை மூடிவிடும். எதிரி எங்கே, தம் படை எங்கே என்று தளபதிக்கே தெரியாது. இதற்குக் காரணம் கருமருந்துதான். வெடியுப்பு, கந்தகம், கரி கலந்த அந்த மருந்து எரியும்போது, எடையில் பாதிக்கும் மேல் வாயுவாக மாறாமல் பொட்டாசியம் உப்புகளாக மிஞ்சிவிடுகிறது. குண்டைத் தள்ளுவது வாயு மட்டுமே. மிச்சமெல்லாம் வெளியே புகையாகப் பரவும், குழலுக்குள் கசடாகப் படியும்.

1846-இல் சுவிட்சர்லாந்தின் பேசல் நகர வேதியியலாளர் ஷோன்பைன், பருத்தியிலிருந்து வெடிபஞ்சை உருவாக்கியதாக அறிவித்தார். அது எரிந்தால் ஏறக்குறைய முழுவதும் வாயுவாகிவிடும். ஆனால் பஞ்சின் இழைகளுக்கு நடுவே தீ புகுந்து, எல்லாம் ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ளும். துப்பாக்கிக் குழலே பிளந்துவிடும். மறு ஆண்டே இங்கிலாந்தின் ஃபேவர்ஷாமில் வெடிபஞ்சு ஆலை வெடித்துப் பலர் மாண்டார்கள்.

இந்த முரட்டுப் பொருளை 1884-இல் அடக்கியவர் பாரிஸைச் சேர்ந்த பால் வியே. அவர் வெடிபஞ்சைக் கரைப்பானில் குழைத்து, இழையே இல்லாத கெட்டியான தகடுகளாக்கி, சிறு செதில்களாக வெட்டினார். இனி தீ உள்ளே பாய முடியாது. மேற்பரப்பிலிருந்து அடுக்கடுக்காகத்தான் எரிய முடியும். எரியும் வேகத்தைச் செதிலின் வடிவமே தீர்மானித்தது. பிற்காலத்தில் பீரங்கிகளுக்காக ஏழு துளைகள் கொண்ட உருளைகள் வந்தன. எரிய எரிய வெளிப்பரப்பு சுருங்கும், துளைகளோ அகன்றுகொண்டே போகும். குண்டு குழலில் முன்னேறி அதன் பின்னால் இடம் பெருகும்போது, வாயுவும் பெருகித் தொடர்ந்து தள்ளும். பொருளின் வடிவத்தைக் கொண்டே நெருப்புக்குக் கடிவாளமிட்ட இந்த அறிவு வியக்கத்தக்கது.

1886-இல் பிரெஞ்சுப் படை ஏற்ற லெபெல் துப்பாக்கியில் இந்த மருந்து இடம்பெற்றது. முந்தைய துப்பாக்கியில் வினாடிக்குச் சுமார் 450 மீட்டராக இருந்த குண்டின் வேகம் 600 மீட்டரைத் தாண்டியது. நோபலின் பாலிஸ்டைட்டும், ஏபல், டூவர் இருவரின் கார்டைட்டும் என இதே வகை மருந்துகள் அடுத்தடுத்து வந்தன. 1899-இல் தென்னாப்பிரிக்காவின் டுகேலா ஆற்றங்கரையில், பதுங்குகுழிகளிலிருந்து சுட்ட போயர் குடியேறிகளை ஆங்கிலேயப் படையால் கண்டுபிடிக்க முடியவில்லை. புகை இல்லாத களத்தில் மறைந்திருப்பவனுக்கே பலம். பளிச்சென்ற சீருடைகள் மறைந்து மண்நிறம் பரவ இதுவும் ஒரு காரணம்.

ஆனால் இந்த மருந்துக்கும் ஆயுள் உண்டு. சேமிப்பில் மெல்லச் சிதைந்து, சில சமயம் தானே தீப்பற்றும். 1907-இல் துலோன் துறைமுகத்தில் இயேனா போர்க்கப்பல் வெடித்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்ததற்குப் பழைய உந்துமருந்தே காரணம் எனக் கருதப்பட்டது. அதனால்தான் இன்று நிலைப்படுத்திகள் சேர்க்கிறார்கள். இருப்பை அவ்வப்போது சோதிக்கிறார்கள்.

இந்த வரலாற்றின் ஒரு பகுதி நம் நீலகிரியிலும் இருக்கிறது. குன்னூருக்கும் ஊட்டிக்கும் இடையே மலை ரயில் நிற்கும் அருவங்காட்டில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் அமைத்த கார்டைட் தொழிற்சாலை இன்றும் இந்தியப் படைகளுக்கு உந்துமருந்து தயாரித்துவருகிறது.