சிலந்தி நூலில் ஏன் சேலை இல்லை?

ஆரணியில் குழித்தறியில் உட்கார்ந்து பட்டு நெய்பவரின் தலைக்கு மேலே, உத்தரத்து மூலையில் ஒரு சிலந்தி தன் பாட்டுக்கு வலை பின்னிக்கொண்டிருக்கும். இரண்டு நூலுமே புரதம்தான். பிறகு ஏன் சிலந்திப் பட்டில் சேலை இல்லை?

பட்டுப்புழு வாய்வழியே நூல் விடும். ஒரு கூட்டில் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் வரை ஒற்றை இழை. வெந்நீரில் பசை இளகியதும் நுனியைப் பிடித்து இழுத்துவிடலாம். சிலந்திக்கோ நூல் வயிற்றின் பின்முனையிலிருந்து வருகிறது. உள்ளே திரவமாக இருப்பது, இழுக்க இழுக்க இழையாக இறுகும். பின்னங்கால் அதைப் பிடித்து நகர்த்தும் லாகவமே தனி. சட்டத்துக்கு உறுதியான இழை, இரை ஒட்டப் பிசுபிசுப்பான இழை என்று வகைவகையாக நூற்கும். அந்த வலையைப் பிரித்துத் தறிக்கு நூல் எடுக்க முடியாது.

அதைவிடப் பெரிய தடை, சிலந்தியின் குணம். புழுக்கள் ஒரே தட்டில் நூற்றுக்கணக்கில் கூடி மல்பெரி இலை தின்னும். சிலந்திகளைச் சேர்த்து அடைத்தால் ஒன்றையொன்று தின்றுவிடும்.

ஆனாலும் மடகாஸ்கரில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பொன்வலைச் சிலந்திகளைப் பிடித்து, நூலிழுத்துவிட்டு, உயிரோடு திரும்ப விட்டார்கள். நான்கு ஆண்டு உழைப்பில் ஒரே ஒரு துணி. 2009இல் நியூயார்க்கில் காட்சிக்கு வைத்தார்கள். அதற்குச் சாயமே ஏற்றவில்லை. நூலின் நிறமே பொன்.

அடுத்த முறை ஒட்டடை அடிக்கும் முன், ஒரு நிமிடம் நின்று அந்தப் பின்னங்கால்களைப் பாருங்கள்.