பிக்கப் வண்டியின் காற்றுப்பை

பிக்கப்பின் பின் அச்சுக்கும் சேசிஸுக்கும் நடுவே, பக்கத்துக்கு ஒன்றாகப் பொருத்தப்படும் தடித்த ரப்பர் உறைதான் காற்றுப்பை. ஹைலக்ஸ், டி-மேக்ஸ் போன்ற வண்டிகளில் ஏற்கெனவே இருக்கும் பட்டை ஸ்பிரிங்கை இது அகற்றுவதில்லை. அதற்குத் துணை நிற்கிறது.

இவ்வகை வண்டிகள் ஏறத்தாழ ஒரு டன் சுமக்கும். ஏறும் ஆட்களும் அந்தக் கணக்கில் அடக்கம். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த்தொட்டி எல்லாம் கொண்ட கேம்பர் கூண்டை ஏற்றியதும் பின்புறம் தாழ்ந்து முன்புறம் தூக்கிக்கொள்கிறது. முன் சக்கரங்களின் பிடி குறைகிறது. விளக்கொளி எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கிறது. சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் வளைவுகளில் இது ஆபத்து.

பையில் காற்றை ஏற்றினால் வண்டி நிமிர்கிறது. உருக்குப் பட்டையின் விறைப்பு மாறாதது; பையின் விறைப்பையோ சுமைக்கேற்பக் கூட்டலாம், குறைக்கலாம். மேலும், பை அமுங்க அமுங்க எதிர்ப்பும் ஏறும்: உள்ளிருக்கும் காற்றின் கொள்ளளவு பாதியானால் அதன் முழு அழுத்தம் ஏறக்குறைய இரட்டிக்கும்.

உறையின் சுவரில் நூலிழைகள் பதிந்திருக்கும். ரப்பர் இயற்கையானதாகவோ செயற்கையானதாகவோ இருக்கலாம். ஓயாமல் மடங்கி விரிந்தாலும் எளிதில் விரிசல் விடாத குணம் இயற்கை ரப்பருக்கு உண்டு. அந்த ரப்பரைத் தரும் பால்மரங்களில், 1877-இல் பேராக்கின் கோலகங்சாரில் நடப்பட்டவற்றுள் ஒன்று இன்னும் அங்கே நிற்கிறது. தமிழர் தலைமுறை தலைமுறையாகப் பால் வெட்டிய பேராக் தோட்டங்களில் பல இன்று செம்பனைக்கு மாறிவிட்டன. அவற்றின் செம்மண் பாதைகளில் குழிக்குக் குறைவில்லை.

குழியில்தான் காற்றுப்பையின் பலவீனம் வெளிப்படும். பட்டை ஸ்பிரிங் தன் இரு முனைகளிலும் சேசிஸைத் தாங்கி எடையை முன்னும் பின்னுமாகப் பகிர்கிறது. காற்றுப்பை அச்சுக்கு மேலே ஒரே இடத்தில் முட்டுக்கொடுக்கிறது. கேம்பரின் கனமான பகுதி அச்சுக்கு வெகு பின்னால் தொங்கினால், ஒவ்வொரு குலுக்கலிலும் சேசிஸ் அந்த முட்டின் மேல் வளையப் பார்க்கும். நிமிர்ந்து நிற்கும் வண்டியைப் பார்த்துச் சுமை அளவுக்குள் இருப்பதாக நம்பிவிடுவதே பெரிய பிழை. அச்சு, பிரேக், டயர், சேசிஸ் ஆகியவற்றுக்குத் தயாரிப்பாளர் விதித்த எடை வரம்பைக் காற்றுப்பை ஒரு கிலோகூட உயர்த்துவதில்லை. தண்ணீர்த்தொட்டி போன்ற கனமான பொருள்களை அச்சுக்கு முன்னால், தாழ்வாக வைப்பதே முதல் வேலை.

அதன் பிறகே காற்று. வெறும் வண்டியில் பின்சக்கர வளைவின் உயரத்தை அளந்து குறித்துக்கொண்டு, சுமை ஏற்றியபின் அதை நெருங்கும்வரை மட்டும் அடைக்க வேண்டும். இரு பைகளுக்கும் தனித்தனிக் குழாய் வேண்டும். ஒரே குழாயில் இணைத்தால் வளைவில் அமுங்கும் பையிலிருந்து காற்று மறுபக்கம் ஓடி, சாய்வு அதிகமாகும். சுமையை இறக்கியபின் காற்றைக் குறைக்கலாம். ஆனால் முழுதும் வடியவிட்டால் உறை மடிப்புகளில் நசுங்கிக் கிழியும். பல பைகளுக்குக் குறைந்தபட்சம் 5 பிஎஸ்ஐ தேவை. கசிவைக் கண்டுபிடிக்க இணைப்புகளில் சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்தால் போதும்.