முப்பத்தொன்பதாம் கிழமை வரை

ஊர்காவற்றுறைப் பக்கத்துக் கரம்பொனில் ஒரு கர்ப்பிணிக்கு 37 கிழமை முடிந்தால், "மாதம் நிறைஞ்சிட்டுது" என்று வீட்டார் நிம்மதி அடைவார்கள். பிள்ளையின் இதயத்தில் குறை இருப்பதாக ஸ்கானில் தெரிந்திருந்தால் அந்த நிம்மதி போதாது. 39 வரை எஞ்சிய இரண்டு கிழமைகளும் அந்தப் பிள்ளைக்குத் தேவை.

பிறந்த முதல் மாதத்திலேயே இதய அறுவைச் சிகிச்சை பெற்ற நாலாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்த அமெரிக்க ஆய்வொன்று 2014இல் வெளியானது. 39, 40 கிழமைகளில் பிறந்தவர்களைவிட 37இல் பிறந்தவர்களிடையே இறப்பு கூடுதலாக இருந்தது. 37, 38 கிழமைகளில் பிறந்தவர்களுக்குச் சிக்கல்களும் ஆஸ்பத்திரியில் தங்கிய நாட்களும் கூடின. நுரையீரல், சிறுநீரகம், மூளை எல்லாம் கடைசிக் கிழமைகளிலும் முதிர்கின்றன. கடுமையான இதயக் குறையுள்ள சிசுக்கள் பலவற்றில் மூளை முதிர்ச்சி ஏற்கெனவே ஏறத்தாழ ஒரு மாதம் பிந்தியிருக்கும்.

ஆகவே நட்சத்திரம் பார்த்து சிசேரியனை முற்படுத்தும்படி வைத்தியரைக் கேட்காதீர்கள். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். ஆனால் தாயின் இரத்த அழுத்தம் ஏறினாலோ சிசுவின் துடிப்புக் குறைந்தாலோ, பிள்ளையை உடனே எடுக்க வேண்டும் என்று வைத்தியர் சொன்னால் தயங்கவும் கூடாது.

கேட்பது உங்கள் உரிமை. 18 முதல் 22 கிழமைக்குள் எடுக்கும் ஸ்கானில் இதயத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். குறை தெரிந்தால், எங்கே பிரசவிப்பது என்பதை மகப்பேற்று நிபுணருடன் முன்கூட்டியே முடிவுசெய்யுங்கள். இதய அறுவைச் சிகிச்சை செய்யும் கொழும்பு லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை ஊர்காவற்றுறையிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீற்றர். சில குறைகளில், பிறந்தபின் மூடிவிடும் இரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் மருந்தை ஏற்றிக்கொண்டே பிள்ளையைக் கொண்டுபோக வேண்டும்.

பிறந்து 24 மணித்தியாலம் கழிந்ததும் வலது கையிலும் ஒரு காலிலும் ஒட்சிசன் அளவு பார்க்கச் சொல்லுங்கள். 95க்குக் குறைந்தால் திரும்பப் பார்க்க வேண்டும். 90க்குக் கீழ் என்றால் உடனடி விசாரணை. வீட்டில் உதடு நீலம் பாரித்தாலோ பால் குடிக்கையில் வியர்த்து மூச்சு வாங்கினாலோ 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள்.

அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். வெளிச் செலவுக்கு ஜனாதிபதி நிதியத்தின் உதவி கோரலாம். 2025 முதல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்க முடியும். சிகிச்சை மறுக்கப்பட்டால் வைத்தியசாலைப் பணிப்பாளருக்கு எழுத்தில் முறையிடுங்கள். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகமும் இருக்கிறது.

கிழமைக் கணக்கு பிழைத்தால் ஸ்கான் நாளும் பிரசவ நாளும் பிழைக்கும். மாதவிடாய் தள்ளிப்போனதுமே குடும்பநல உத்தியோகத்தரிடம் பதிந்து, முதல் மூன்று மாதத்துக்குள் ஸ்கான் எடுத்து, அந்தத் துண்டைக் கர்ப்பிணி அட்டையோடு பத்திரப்படுத்துங்கள்.