திராட்சைப் பெட்டியும் சட்டத்தின் ஓட்டையும்

டீ வருவதற்குள் ஆரம்பித்துவிடுகிறேன். அமெரிக்காவில் 1935-ல் ஒரு சட்டம் வந்தது. தேசியத் தொழிலாளர் உறவுச் சட்டம் என்று பெயர். தொழிலாளிகள் சங்கம் வைக்கலாம், முதலாளி அந்தச் சங்கத்தோடு உட்கார்ந்து பேசித்தான் ஆகவேண்டும், சங்கத்தில் சேர்ந்ததற்காக யாரையும் வேலையை விட்டுத் தூக்கக் கூடாது. நல்ல சட்டம்தான். ஆனால் இது யாருக்குப் பொருந்தாது என்றும் அதிலேயே எழுதி வைத்தார்கள். வயலில் கூலி வேலை செய்பவருக்குப் பொருந்தாது, வீட்டு வேலை செய்பவருக்கும் பொருந்தாது.

ஏன் குறிப்பாக இவர்கள்? அன்றைக்குத் தென் மாநிலங்களில் கறுப்பின மக்கள் பெரும்பாலும் பார்த்தது இந்த இரண்டு வேலைகளைத்தான். தென் மாநில உறுப்பினர்களின் ஆதரவில்லாமல் நாடாளுமன்றத்தில் பெரிய சட்டம் எதுவும் தேறாது. பருத்திக் காட்டுக் கூலிகள் சங்கம் வைப்பதற்கு அவர்கள் கை தூக்குவார்களா? இதுதான் காரணம் என்கிறார்கள் வரலாற்றாசிரியர்கள் பலர். 1938-ல் குறைந்தபட்சக் கூலிக்குச் சட்டம் வந்தபோதும் விவசாயக் கூலிகள் வெளியேதான் நின்றார்கள். 1966-ல்தான் அவர்களில் ஒரு பகுதியினருக்கு அது எட்டியது.

நடைமுறையில் இதற்கு என்ன அர்த்தம்? ஆலைத் தொழிலாளியை வெளியே அனுப்பினால் அவர் அரசு வாரியத்தில் புகார் கொடுக்கலாம். திராட்சைத் தோட்டத்தில் மேஸ்திரி "நாளையிலிருந்து வராதே" என்று சொல்லிவிட்டால் அத்தோடு சரி. வேலைநிறுத்தம் செய்தாலும் பலன் இருக்காது. கலிஃபோர்னியாத் தோட்டங்களில் பிலிப்பினோக்களுக்கு ஒரு கொட்டகை, மெக்சிகோக்காரர்களுக்கு வேறொரு கொட்டகை. ஒரு கொட்டகை வேலையை நிறுத்தினால் மற்ற கொட்டகையிலிருந்து ஆள் இறக்கிவிடுவார்கள். போதாக்குறைக்கு, 1942 முதல் 1964 வரை 'பிரசேரோ' என்ற திட்டத்தில் மெக்சிகோவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை அரசாங்கமே வரவழைத்துக் கொடுத்தது.

அந்தத் திட்டம் முடிந்த அடுத்த ஆண்டு, 1965 செப்டம்பர் 8 அன்று, டெலானோ என்ற ஊரில் பிலிப்பினோ தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். தலைமை லாரி இட்லியோங். கேட்டது மணிக்கு 1.40 டாலர் கூலி, பெட்டிக்கு 25 சென்ட். அதே ஆண்டு கோச்செல்லா பள்ளத்தாக்கில் அந்த மணிக்கூலி கிடைத்திருந்தது. டெலானோவில் தர மறுத்தார்கள். நிறுத்தியவர்களில் பலர் வயசாளிகள். இளவயதில் கப்பலேறி வந்தவர்கள். கூட வந்த பெண்கள் மிகச் சொற்பம்; வெள்ளைக்காரப் பெண்ணைக் கட்டுவதற்கோ 1948 வரை கலிஃபோர்னியாச் சட்டம் குறுக்கே நின்றது. அதனால் கல்யாணம் ஆகாமல் கொட்டகையிலேயே காலம் தள்ளியவர்கள் அதிகம்.

மெக்சிகோக்காரர்கள் உள்ளே போனால் போராட்டம் முடிந்தது என்று இட்லியோங்குக்குத் தெரியும். சீசர் சாவேஸும் டொலோரஸ் ஹுவெர்டாவும் நடத்திவந்த மெக்சிகோத் தொழிலாளர்களின் சங்கத்திடம் போய்ப் பேசினார். அவர்கள் இன்னும் தயாராகவில்லை. ஆனாலும் செப்டம்பர் 16 அன்று, மெக்சிகோவின் சுதந்திர தினத்தில், தேவாலய மண்டபத்தில் கூடி, சேர்ந்து நிற்பது என்று முடிவெடுத்தார்கள். அடுத்த ஆண்டு இரு தரப்பின் சங்கங்களும் ஒன்றாயின. ஒருவரைக் காட்டி மற்றவரை மிரட்டும் பழைய வித்தை இத்துடன் பலிக்காமல் போனது.

ஆனால் திராட்சை கொடியிலேயே அழுகிவிடவில்லை. முதலாளிகள் வெளியூரிலிருந்து ஆள் கொண்டுவந்தார்கள். தோட்டம் மைல் கணக்கில் நீளும். எத்தனை பேர் எத்தனை வழியில் நின்று மறிப்பது? கோர்ட்டும் அதற்குக் கட்டுப்பாடு போட்டது. வயலில் ஜெயிக்க முடியாது என்று தெரிந்ததும் சங்கம் கடைத்தெருவுக்குப் போனது.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. நாம் உட்கார்ந்திருக்கும் இந்த டீக்கடைக்குப் பால் ஊற்றும் பண்ணையில் ஸ்டிரைக் என்று வையுங்கள். பண்ணை வாசலில் நின்று கோஷம் போடுவது ஒன்று. இந்தக் கடை வாசலுக்கே வந்து, "அந்தப் பாலை நிறுத்துகிறவரை இங்கே டீ குடிக்காதீர்கள்" என்று உங்களைத் திருப்பி அனுப்புவது இன்னொன்று. டீக்கடைக்காரருக்கும் அந்தச் சண்டைக்கும் சம்பந்தமில்லை. ஆனால் கல்லா காலியானால் அவரே பால்காரரை மாற்றுவார். இந்த இரண்டாவது வழியை அமெரிக்காவில் 1947-லும் 1959-லும் வந்த திருத்தச் சட்டங்கள் சங்கங்களுக்குத் தடை செய்தன. ஆனால் அவை 1935-ன் சட்டத்தில் செய்த திருத்தங்கள். மூலச் சட்டத்தில் இடமில்லாதவருக்குத் திருத்தத்தின் தடையும் கிடையாது. எந்த ஓட்டை விவசாயக் கூலிகளுக்குப் பாதுகாப்பு இல்லாமல் செய்ததோ, அதே ஓட்டை மற்ற சங்கங்களுக்கு இல்லாத ஆயுதத்தையும் அவர்கள் கையில் விட்டுவைத்தது.

முதலில் ஜியுமாரா என்ற பெரிய பண்ணையின் திராட்சையை மட்டும் வாங்காதீர்கள் என்றார்கள். அந்தப் பண்ணை மற்ற பண்ணைகளின் லேபிளை வாங்கித் தன் பெட்டிகளில் ஒட்டி அனுப்பியது. கடையில் எந்தப் பெட்டி யாருடையது என்று கண்டுபிடிக்க வழியில்லை. சங்கம் யோசித்து, 1968-ல் கலிஃபோர்னியாவின் மேசைத் திராட்சை (பழமாகத் தின்னும் ரகம்) எதையுமே வாங்காதீர்கள் என்று அறிவித்தது. ஒருவரைக் காப்பாற்ற லேபிள் கொடுத்த பண்ணைகள் எல்லாம் சேர்ந்து மாட்டிக்கொண்டன. தோட்டத்தில் வேலை பார்த்தவர்கள் நியூயார்க், சிகாகோ, பாஸ்டன், டொராண்டோ என்று போய்ச் சூப்பர் மார்க்கெட் வாசல்களில் நின்றார்கள். இன்னொரு பக்கம் ராணுவத் துறை வியட்நாமிலிருந்த சிப்பாய்களுக்கென்று முன்பைவிடக் கூடுதலாகத் திராட்சை வாங்கியது. விவசாயக் கூலிகளுக்குச் சங்கச் சட்டமே வேண்டாம் என்று இருந்த முதலாளிகள் தரப்பில், அவர்களையும் சட்டத்துக்குள் சேர்த்துவிடுங்கள் என்ற குரல் எழுந்தது. உள்ளே சேர்த்தால் தடையும் சேர்ந்து வருமே!

1970 கோடையில் சங்கத்தின் கறுப்புக் கழுகு முத்திரை உள்ள பெட்டி விலைபோனது, இல்லாதது தேங்கியது. ஜூலை 29 அன்று டெலானோ முதலாளிகள் வந்து கையெழுத்துப் போட்டார்கள். மணிக்கூலி 1.80 டாலர் ஆனது. ஆள் எடுப்பது மேஸ்திரி கையிலிருந்து சங்கத்தின் கைக்கு வந்தது. டிடிடி போன்ற பூச்சி மருந்துகளைத் தோட்டத்தில் அடிக்கக் கூடாது என்பதும் ஒப்பந்தத்தில் ஏறியது.

சுபம் என்று போட்டுவிடலாமா என்றால், முடியாது. ஒப்பந்தத்துக்குக் காலக்கெடு உண்டு. 1973-ல் அது முடிந்ததும் முதலாளிகள் பலர் தங்களுக்கு வசதியான வேறொரு சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். வாடிக்கையாளரின் மனசாட்சியை வருஷா வருஷம் தட்டி எழுப்பிக்கொண்டே இருக்க முடியாதில்லையா? அதனால்தான் சட்டம் வேண்டியிருந்தது. 1975-ல் கலிஃபோர்னியா தனியாகவே ஒரு சட்டம் போட்டு, விவசாயத் தொழிலாளர்கள் ரகசிய வாக்கெடுப்பில் தங்கள் சங்கத்தைத் தேர்ந்தெடுக்க வழி செய்தது.

அதே ஆண்டு இன்னொன்றும் நடந்தது. கீரைச் செடிகளைக் கலைத்துவிடவும் களை எடுக்கவும் அங்கே ஓரடி நீளக் காம்புள்ள களைக்கொத்து ஒன்றைக் கொடுத்துவந்தார்கள். நாள் முழுக்க இடுப்பை மடித்தே நடக்க வேண்டும். நீளக் காம்பு போட்டால் செடி வெட்டுப்படும் என்பது முதலாளிகள் சொன்ன காரணம். மேஸ்திரிக்கு அதில் வேறொரு சௌகரியம்: வரப்பிலிருந்து பார்த்தாலே நிமிர்ந்து நிற்பவன் சும்மா நிற்கிறான் என்று தெரிந்துவிடும். முதுகெலும்பு தேய்கிறது என்று டாக்டர்கள் சாட்சி சொல்ல, வழக்கு மாநில உச்ச நீதிமன்றம்வரை போய், 1975-ல் அந்தக் கொத்து தடைசெய்யப்பட்டது. கீரை வழக்கம்போல விளைந்தது.

கிடைத்ததெல்லாம் அப்படியே நிலைக்கவும் இல்லை. சங்கத்துக்காரர்கள் பண்ணைக்குள் போய்த் தொழிலாளர்களிடம் பேசலாம் என்ற கலிஃபோர்னியா விதியை, அது நில உடைமையாளரின் சொத்துரிமையைப் பறிக்கிறது என்று 2021-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது. நாடு முழுமைக்குமான 1935-ன் சட்டத்தில் அந்த விலக்கு இன்னும் நீக்கப்படவில்லை. கூடுதல் நேரத்துக்கு ஒன்றரை மடங்கு கூலி என்பது ஆலைத் தொழிலாளிக்கு 1938-ன் சட்டத்திலேயே கிடைத்தது. எட்டு மணி நேரத்துக்கு மேல் செய்த வேலைக்கு அந்தக் கூலி கலிஃபோர்னியாவின் பெரிய பண்ணைக் கூலிகளுக்கு முழுதாகக் கைக்கு வந்தது 2022-ல். பெரும்பாலான மாநிலங்களில் பண்ணைக் கூலிக்கு ஓவர்டைம் என்ற ஒன்றே இன்றைக்கும் இல்லை.