தலையணைக்குள் ஒரு விருந்தாளி

இரவு மூன்று மணிக்கு உங்கள் வீட்டில் யார் விழித்திருக்கிறார்கள்? பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை விழித்திருக்கலாம். கைக்குழந்தைக்காரி விழித்திருக்கலாம். இழுப்பு உள்ள வீடாக இருந்தால் நிச்சயம் இரண்டு பேர் விழித்திருப்பார்கள். ஒருவர், தலையணையை மடியில் வைத்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்து மூச்சுக்குப் போராடுகிறவர். மற்றவர், அவர் முதுகைத் தடவியபடி, "எப்போது விடியும்?" என்று ஜன்னலைப் பார்க்கிறவர். அந்த இரண்டாவது ஆசாமி பெரும்பாலும் வீட்டுத் தாய்தான்.

மேற்கு மாம்பலத்தில் குடியிருக்கும் என் சிநேகிதி ஒருத்தி இரண்டு வருஷம் இப்படி ஜன்னலைப் பார்த்தாள். அவளுடைய எட்டு வயதுப் பெண்ணுக்கு ஆஸ்துமா. ஒரு நாள் இரவு மூச்சு மிகவும் மோசமாகி, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். பிராணவாயு வைத்துக் குழந்தை சற்றுத் தேறியதும், அங்கிருந்த டாக்டரம்மாள் கேட்ட முதல் கேள்வி, "தினமும் இழுக்கச் சொன்ன மருந்தைக் கொடுக்கிறீர்களா?" என்பது. என் சிநேகிதி தலை குனிந்தாள். "பெண் குழந்தை, இன்ஹேலர் பழகிவிட்டால் நாளைக்குக் கல்யாணம் எப்படி ஆகும்?" என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். ஒரு மாதமாக மருந்தை நிறுத்தியிருந்தாள், கணவனுக்குக்கூடத் தெரியாமல்!

டாக்டரம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் இரண்டாவது கேள்வி என் சிநேகிதியைத் திகைக்க வைத்துவிட்டது. "குழந்தை எந்தத் தலையணையில் படுக்கிறாள்? அதை வாங்கி எத்தனை வருஷம் ஆகிறது?"

நோய்க்கும் தலையணைக்கும் என்ன சம்பந்தம்? அதைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம்.

கண்ணுக்குத் தெரியாத குடித்தனம்

நம் உடம்புக்கு ஒரு காவல்காரன் உண்டு. விஷக் கிருமி வந்தால் விரட்டுவது அவன் வேலை. சிலருடைய உடம்பில் இந்தக் காவல்காரன் கொஞ்சம் முன்கோபி. திருடனை விட்டுவிட்டுத் தபால்காரனைத் தடியால் அடிப்பான்! தூசி, மகரந்தம், பூனை ரோமம் போன்ற பரம சாதுவான வஸ்துக்களைக் கண்டு ஆர்ப்பாட்டம் செய்வான். இதற்குத்தான் 'அலர்ஜி' என்று பெயர். 1906-ஆம் ஆண்டில் வியன்னா நகரத்துக் குழந்தை வைத்தியர் கிளெமென்ஸ் ஃபான் பிர்கே என்பவர் சூட்டிய பெயர் அது. தமிழில் ஒவ்வாமை என்கிறோம். இந்த ஆர்ப்பாட்டம் மூச்சுக் குழாய்களில் நடந்தால் அவை வீங்கிச் சுருங்குகின்றன. அந்த இடுக்கு வழியே காற்று போகும்போது உண்டாகும் விசில் சத்தம்தான் இழுப்பு.

வீட்டுத் தூசி ஒத்துக்கொள்ளாதவர்கள் உண்டு என்பது வைத்தியர்களுக்கு வெகு நாளாகத் தெரியும். ஆனால் தூசியில் இருக்கும் எது ஒத்துக்கொள்ளவில்லை? 1964-இல் ஹாலந்து தேசத்தின் லைடன் நகரத்தில் வூர்ஹோர்ஸ்ட், ஸ்பீக்ஸ்மா முதலிய ஆராய்ச்சியாளர்கள் இந்தப் புதிரை அவிழ்த்தார்கள். குற்றவாளி, எட்டுக் கால் கொண்ட ஒரு சிற்றுயிர். பெயர் தூசி உண்ணி. நீளம் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூடக் கிடையாது. அது நம்மைக் கடிப்பதில்லை, இரத்தம் குடிப்பதில்லை. நம் உடம்பிலிருந்து தினமும் உதிரும் தோல் செதில்தான் அதற்கு விருந்து. தண்ணீர் குடிக்கும் வழக்கமும் இல்லை. காற்றிலுள்ள ஈரத்தையே உறிஞ்சிக்கொள்ளும். தோல் உதிரும் இடம், கதகதப்பு, ஈரக் காற்று மூன்றும் சேர்ந்த இடம் எது? நம் மெத்தையும் தலையணையும்தான்! கடற்கரைப் பட்டணமான சென்னை அதற்கு மாமியார் வீடு மாதிரி. உண்ணியின் எச்சம் காய்ந்து பொடியாகிக் காற்றில் கலக்கிறது, மூக்கில் ஏறுகிறது, காவல்காரன் தடியைத் தூக்குகிறான்.

பயந்துபோய் மெத்தையைத் தெருவில் எறிய வேண்டியதில்லை. செய்ய வேண்டியவை சாதாரண வீட்டுக் காரியங்கள்தான்.

படுக்கை விரிப்பு, தலையணை உறை, போர்வை மூன்றையும் வாரம் ஒரு முறை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். கை பொறுக்காத சூடு அது. பச்சைத் தண்ணீரில் துவைத்தால் அழுக்குப் போகும், உண்ணி சாகாது. மெத்தையை நல்ல வெயிலில் போடும் நம் பாட்டிமார் வழக்கம் உயர்ந்த வழக்கம். வெயிலும் வறட்சியும் உண்ணிக்குச் சத்துரு. ஆனால் செத்த உண்ணியும் எச்சமும் உள்ளேயே இருக்குமாதலால், வெளியிலேயே வைத்து நன்றாகத் தட்டிவிட்டுக் கொண்டுவாருங்கள். பல வருஷத்துப் பஞ்சுத் தலையணைக்கு விடை கொடுத்து விடுங்கள். புதியதற்கு நெருக்கமாக நெய்த, ஜிப் வைத்த உறை போடுங்கள். குழந்தை கட்டிக்கொண்டு படுக்கும் கரடி பொம்மையைத் துவைக்க முடியாவிட்டால், பிளாஸ்டிக் பையில் கட்டி ஒரு நாள் முழுவதும் ஃப்ரீஸரில் வைத்து, பிறகு உதறிவிட்டுக் கொடுங்கள். குழந்தை கேட்டால், "கரடி ஊட்டிக்குப் போயிருக்கிறது" என்று சொல்லலாம்!

துடைப்பம் யார் கையில்?

காய்ந்த தரையைப் பூந்துடைப்பத்தால் வீசிப் பெருக்கும்போது என்ன நடக்கிறது? தரையில் சும்மா கிடந்த தூசி மூக்கு மட்டத்துக்கு எழுந்து வருகிறது. ஈரத் துணியால் துடைப்பதே மேல். மின்விசிறி இறக்கைக்கு ஒரு சுலபமான உபாயம்: பழைய தலையணை உறையை இறக்கையின் மேல் மாட்டி, அழுத்திப் பிடித்து இழுங்கள். தூசி முழுவதும் உறைக்குள் விழும், தலையில் விழாது. பரண் ஒழிக்கிற நாளிலும் ஒட்டடை அடிக்கிற நாளிலும் இழுப்பு உள்ளவர் வீட்டிலேயே இருக்கக் கூடாது. தூசி அடங்கிய பிறகு வரட்டும்.

இங்கே ஒரு சங்கடம் இருக்கிறது. "இழுப்பு உள்ளவர் பெருக்கக் கூடாது, தூசி தட்டக் கூடாது" என்று டாக்டர்கள் சொல்லிவிடுகிறார்கள். இழுப்பு இருப்பது குடும்பத் தலைவிக்கே என்றால்? முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு அவளேதான் பெருக்கித் தொலைக்கிறாள். அன்று இரவு இருமினால், "உனக்கு எப்போதும் இதுதான்" என்று ஒரு பேச்சு வேறு. வீட்டு ஐயாமார்களே, உங்கள் மனைவி இந்தப் பக்கத்தை மடித்து உங்கள் காப்பித் தம்ளருக்கு அடியில் வைத்திருந்தால் அதற்குக் காரணம் உண்டு. துடைப்பம் பிடித்தால் கை தேய்ந்து விடாது!

புகை என்னும் பொல்லாதவன்

என் சிநேகிதிக்கு டாக்டரம்மாள் ஒரு வேலை கொடுத்தார். ஒரு நோட்டுப் புத்தகத்தில் தினமும் மூன்று விஷயம் எழுத வேண்டும்: குழந்தை இரவு எப்படித் தூங்கினாள், அன்று வீட்டில் என்ன விசேஷம், என்ன மருந்து கொடுத்தோம். இரண்டு மாதம் எழுதினாள். ஒரு நாள் அவள் மாமியார் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த நோட்டைப் புரட்டினார். புரட்டியவர் நெடுநேரம் பேசவில்லை. மோசமான இரவுகளில் பாதிக்கு மேல் வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை தோறும் வீடு முழுவதும் சாம்பிராணி போடுகிறவர் அவரேதான்.

நான் போயிருந்தபோது அந்த அம்மாள் என்னிடம் சொன்னார்: "முப்பது வருஷத்துப் பழக்கம் அம்மா. என் மாட்டுப்பெண் ஒரு வார்த்தை சொல்லவில்லை, பயந்துகொண்டு. குழந்தைக்கு மூச்சு முட்டினால் அது என்ன பூஜை? விளக்கு ஏற்றுகிறேன், பூ வைக்கிறேன். சுவாமி கோபித்துக்கொள்ள மாட்டார்."

சாம்பிராணி, ஊதுவத்தி, சிகரெட், விறகுப் புகை எல்லாமே மூச்சுக் குழாய்க்கு விரோதிகள். கொசுவத்திச் சுருளை நாம் சாதுவாக நினைக்கிறோம். 2003-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி, ஒரே ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் 75 முதல் 137 சிகரெட்டுகள் கக்கும் அளவுக்கு நுண்துகளைக் கக்குகிறது என்று கணக்கிட்டுச் சொல்லியது. ஜன்னலைச் சாத்திக்கொண்டு அதைத் தலைமாட்டில் ஏற்றி வைத்துத் தூங்குவது எவ்வளவு விபரீதம் பாருங்கள்! கொசுவலை கட்டுங்கள், அதையும் அவ்வப்போது துவையுங்கள். சமையலறையில் மிளகாய் தாளிக்கும்போது ஜன்னலைத் திறந்து, புகை வெளியேற்றும் விசிறியைப் போட்டுக்கொள்ளுங்கள். பால்கனியில் நின்று சிகரெட் பிடிக்கும் கணவர், "வெளியில்தானே பிடிக்கிறேன்" என்பார். புகைக்கு வீட்டு வழி தெரியும் என்று சொல்லுங்கள். போகிப் பண்டிகை அன்று விடியற்காலையில் ஜன்னல்களைச் சாத்தி வைப்பது நல்லது.

ஈரச் சுவரும் இராக் கரப்பானும்

ஐப்பசி, கார்த்திகையில் துணி காயாமல் கூடத்தில் கொடி கட்டி உலர்த்துகிறோம். அந்த ஈரம் எங்கே போகும்? சுவரில் ஏறும், கரும் பூசணம் பூக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் எத்தனை வீட்டுச் சுவர்கள் அப்படிக் கறுத்தன! ஈர வீட்டில் வசிப்பவர்களுக்கு ஆஸ்துமாத் தொல்லை அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டியில் கூறியிருக்கிறது. கறுத்த சுவருக்கு முன்னால் பீரோவை நகர்த்தி மறைப்பதோ, மேலே வர்ணம் பூசுவதோ பரிகாரம் ஆகாது. ஒழுகும் குழாயையும் கசியும் மாடியையும் முதலில் சரி செய்யுங்கள். பூசணத்தைச் சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி நன்றாகக் காய விடுங்கள். பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும்.

அதே 1964-இல்தான் அமெரிக்க வைத்தியர்கள் கரப்பான் பூச்சியும் ஒவ்வாமை தரும் என்று தெரிவித்தார்கள். அதன் எச்சமும் உதிர்ந்த ஓடும் பொடியாகித் தூசியில் கலந்துவிடுகின்றன. இரவில் எச்சில் பாத்திரத்தைத் தொட்டியில் போட்டு வைக்காதீர்கள். குப்பைக் கூடைக்கு மூடி போடுங்கள். மருந்தை வீடெங்கும் பீச்சி அடித்தால் அந்த நெடியே இழுப்பைக் கிளப்பும். இடுக்குகளில் வைக்கும் பசை மருந்து மேல். அதைக் குழந்தைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

இவ்வளவும் செய்தால் போதுமா?

போதாது. இதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். 2003-இல் இங்கிலாந்தில், ஆஸ்துமா உள்ள ஆயிரத்துக்கு மேற்பட்ட பெரியவர்களிடம் மெத்தைக்கு விசேஷ உறை மட்டும் போட்டுப் பார்த்தார்கள். குறிப்பிடத்தக்க பலன் இல்லை. அடுத்த ஆண்டு வெளியான அமெரிக்க ஆராய்ச்சியில் 937 குழந்தைகளைச் சேர்த்துக்கொண்டு, அவர்களில் ஒரு பகுதியினருக்குப் படுக்கை, புகை, கரப்பான், பூசணம் என்று அந்தந்தக் குழந்தைக்கு எது ஆகாதோ அதையெல்லாம் சேர்த்துச் சீர் செய்தார்கள். அக்குழந்தைகளுக்கு முதல் ஆண்டில் தொல்லைப்படும் நாட்கள் ஏறக்குறைய மூன்று வாரம் குறைந்தன. ஒரு ஓட்டையை அடைத்துப் பயனில்லை. எல்லா ஓட்டைகளையும் அடைக்க வேண்டும்.

எல்லோருக்கும் எல்லாமே ஆகாதவை அல்ல என்பதையும் கவனியுங்கள். இழுப்பு என்றவுடன் தயிரையும் வாழைப்பழத்தையும் நிறுத்திக் குழந்தையை இளைக்க வைக்கிறோம். உங்கள் குழந்தைக்கு உண்மையில் எது ஆகவில்லை என்பதை நோட்டுப் புத்தகத்தைக் கேளுங்கள். டாக்டர் சொன்னால் தோலில் செய்யும் ஒவ்வாமைப் பரிசோதனை செய்து பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டைச் சுத்தம் செய்துவிட்டோம் என்று மருந்தை நிறுத்தாதீர்கள். தினமும் இழுக்கும் தடுப்பு மருந்து, கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில் அளந்து, நேரே நுரையீரலுக்குப் போவது. இழுத்த பின் வாயைக் கொப்பளித்துவிட்டால் போதும். அது போதைப் பழக்கம் போல் பிடித்துக்கொள்ளும் என்பது வீண் புரளி. குறைப்பதும் நிறுத்துவதும் டாக்டர் பொறுப்பு. ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் திணறினாலோ, மூச்சிழுக்கும்போது விலா இடுக்குகள் உள்வாங்கினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, அவசர மருந்து கொடுத்தும் தணியாவிட்டாலோ, விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

மாம்பலத்துக் குழந்தை இப்போது எப்படி இருக்கிறாள் என்று கேட்பீர்கள். நோய் மாயமாகப் பறந்துவிடவில்லை. போன மழைக்காலத்தில் இரண்டு முறை இழுத்தது. ஆனால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியிருக்கவில்லை. இன்ஹேலர் இப்போது சாப்பாட்டு மேஜையில் எல்லோருக்கும் தெரியும்படி இருக்கிறது. "கல்யாணத்துக்கு என்ன செய்வாய்?" என்று என் சிநேகிதியைச் சீண்டினேன். "இதைப் பார்த்துப் பயப்படுகிற வரன் எனக்கு வேண்டாம். அதற்கு இன்னும் எத்தனையோ வருஷம் இருக்கிறது. இப்போது அவள் தூங்குகிறாள், நானும் தூங்குகிறேன். அது போதும்" என்றாள்.

இன்று இரவு விளக்கை அணைக்குமுன் உங்கள் குழந்தையின் தலையணையை ஒரு முறை கையில் எடுத்துப் பாருங்கள். அதை வாங்கி எத்தனை வருஷம் ஆயிற்று?